காணாப் பொருளும் ஏதுப்போலியும்: மணிமேகலை, சைவ சித்தாந்த அளவைகளின் வழி சமய நம்பிக்கையும் அறிவியல் கண்டுபிடிப்பும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கண்ணுக்குப் புலப்படாதவற்றை அறிவியலும் ஏற்கிறது. ஆகவே கண்ணுக்குப் புலப்படாத கடவுளை ஏற்பதும் அதனை ஒத்ததே என்னும் வாதம் தமிழ்ச் சமயச் சொற்பொழிவுகளிலும் கட்டுரைகளிலும் பரவலாக இடம்பெறுகிறது. காணப்படாததால் கடவுள் இல்லை என்னும் மறுப்பும் அதே அளவுக்குப் பரவலானது. இவ்விரண்டும் ‘காணப்படாமை’ என்னும் ஒரே ஏதுவைச் சார்ந்தவை. மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளில் அமைந்த அளவையியல் கொண்டு நோக்கின், அந்த ஏது எதனையும் நிறுவும் ஆற்றலற்ற போலி ஏது என்பது புலனாகும். நெப்டியூன், வல்கன் என்னும் இரு கோள்களின் வரலாறு இதற்குச் சான்றாகிறது. சிவஞான போதமும் சிவஞான சித்தியாரும் இறைவனைக் ‘கண்டுபிடிக்கப்பட வேண்டிய பொருள்’ என்னும் வகையில் வைக்கவில்லை என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: அளவை, காட்சி, கருதல், உரை, ஏதுப்போலி, அநைகாந்திகம், நெப்டியூன், வல்கன், மணிமேகலை, சிவஞான சித்தியார்

முன்னுரை

2012 ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகளை ஒத்த புதிய துகள் கண்டறியப்பட்டதாக ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையம் அறிவித்தது. தமிழ் ஊடகங்கள் அதனைக் ‘கடவுள் துகள்’ என்றே எழுதின. அப்பெயர் 1993இல் லியோன் லெடர்மேன் எழுதி வெளியிட்ட நூலொன்றின் தலைப்பிலிருந்து பரவியது. அத்துகளின் இயல்புக்கும் இறைமைக்கும் தொடர்பில்லை. எனினும் அப்பெயர் தமிழில் ஒரு பழைய வாதத்திற்குப் புதுவலிமை தந்தது. காற்றைக் காண்பதில்லை, மின்சாரத்தைக் காண்பதில்லை, அணுவைக் காண்பதில்லை. ஆயினும் அவை உள்ளன. அதுபோலவே கடவுளும் உளர் என்பது அவ்வாதம். இதற்கு எதிர்நிலையில், காட்டு, ஏற்கிறேன் என்னும் மறுப்பும் மேடைதோறும் ஒலிக்கிறது.

இவ்விரு தரப்பும் புதியன அல்ல. காண்பதே அளவை என்போரும், காணாததையும் அறியலாம் என்போரும் தமிழ்க் காப்பியத்திலேயே நேருக்கு நேர் நின்று உரையாடியுள்ளனர். அவ்வுரையாடலின் நுட்பத்தை இன்றைய விவாதம் இழந்துவிட்டது. அந்நுட்பத்தை மீட்டு, அதனை அறிவியல் வரலாற்றின் உறுதியான நிகழ்வுகளோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பூதவாதியும் மணிமேகலையும்

மணிமேகலையின் 27ஆம் காதையான ‘சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை’யில், வஞ்சி நகரில் பல்வேறு சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கும் அவ்வரிசை பூதவாதியோடு முடிகிறது. பூதவாதி கண்கூடாகிய காட்சியை மட்டுமே அளவையாகக் கொள்பவன், கருதலை ஏலாதவன், இம்மையும் இம்மைப் பயனுமே மெய், மறுபிறப்பு என்பது பொய் என்பவன். முற்பிறப்பை அறிந்தோர் உண்டு என்று மணிமேகலை நகைத்துரைக்க, தெய்வ மயக்கத்தாலோ கனவாலோ அறிவு மாறியவர் கூற்றாக அது இருக்கலாம் என்று அவன் ஐயுறுகிறான். அதற்கு மணிமேகலை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று வினவுகிறாள்.

காட்சி ஒன்றே அளவை என்பவனை வீழ்த்துவதற்கு இவ்வினா போதுமானது. எவரும் தம் பிறப்பைத் தாமே கண்டு உறுதி செய்தவரல்லர். ஆயினும் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைப் பிரித்தறிய வேண்டும். பூதவாதியின் கூற்றில் இரண்டு பகுதிகள் உள்ளன. கருதல் அளவையாகாது என்பது ஒன்று. முற்பிறப்பு அறிந்ததாகச் சொல்லும் இந்தக் கூற்று மயக்கமாக இருக்கலாம் என்பது மற்றொன்று. மணிமேகலையின் வினா முதற்பகுதியை மட்டுமே தகர்க்கிறது. காணாததையும் அறிய இயலும் என்பது அதனால் நிலைபெறுகிறது. காணாத இந்தக் குறிப்பிட்ட பொருள் உண்டு என்பது அதனால் நிலைபெறவில்லை. இரண்டாம் பகுதிக்குத் தனியே விடை வேண்டும்.

காற்று, மின்சாரம், அணு ஆகியவற்றை எடுத்துக்காட்டும் இன்றைய வாதமும் இவ்விடத்திலேயே தவறுகிறது. ‘அறிய இயலும்’ என்பதை நிறுவிவிட்டு ‘உண்டு’ என்பதை நிறுவியதாக அது கொள்கிறது. இப்பிழையைக் கண்டறிவதற்கான கருவியை அக்காப்பியமே இரண்டு காதைகளுக்குப் பின்னர்த் தருகிறது.

காணப்படாமை என்னும் ஏது

29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையியலை மணிமேகலைக்கு உரைக்கிறார். அளவைகள் காட்சி, கருத்தளவு என இரண்டே எனக் கொண்டு, பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் அவர் விரிக்கிறார். வடமொழி நியாயப்பிரவேசத்தோடு இப்பகுதி கொண்டுள்ள நெருக்கத்தை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். ஏதுப்போலி அங்கு அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படுகிறது. அநைகாந்திகத்தின் முதல் வகை சாதாரணம் எனப்படும். நிறுவக் கருதிய இயல்பை உடைய பொருள்களாகிய சபக்கத்திலும், அவ்வியல்பு இல்லாத பொருள்களாகிய விபக்கத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது அது. ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்பது அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அழியும் குடமும் அறியப்படுகிறது. அழியாததாகக் கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகிறது. எனவே ‘அறியப்படுதல்’ எதனையும் நிறுவாது.

இவ்விலக்கணத்தைக் ‘காணப்படாமை’க்குப் பொருத்தின் முடிவு தெளிவாகும். உள்ள பொருள்களில் காணப்படாதவை பல. இல்லாத பொருள்கள் எல்லாமே காணப்படாதவை. இரு பக்கத்திற்கும் பொதுவான இவ்வேதுவைக் கொண்டு ‘உண்டு’ எனவும் கூறவியலாது, ‘இல்லை’ எனவும் கூறவியலாது. நம்புவோரும் மறுப்போரும் ஒரே சாதாரண அநைகாந்திகத்தை எதிரெதிர்த் திசைகளில் பயன்படுத்துகின்றனர் எனலாம். இது சொற்போர் நுணுக்கம் மட்டுமன்று என்பதை 19ஆம் நூற்றாண்டு வானியலின் இரு நிகழ்வுகள் காட்டுகின்றன.

நெப்டியூனும் வல்கனும்

1781இல் வில்லியம் ஹெர்செல் கண்டறிந்த யுரேனஸ் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி கணித்த பாதையிலிருந்து சிறிது விலகிச் சென்றது. அதற்கு அப்பாலுள்ள, எவரும் அறியாத ஒரு கோளின் ஈர்ப்பே காரணம் என்று பிரான்சின் உர்பெயின் லெ வெரியே கருதினார். இங்கிலாந்தின் ஜான் கோச் ஆடம்சும் தனித்து அதே கருத்துக்கு வந்திருந்தார். லெ வெரியேயின் மடல் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தின் யோகான் கால்லேயிடம் சேர்ந்தது. அன்றிரவே, குறிக்கப்பட்ட இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைந்த தொலைவில் நெப்டியூன் காணப்பட்டது.

அதே லெ வெரியே 1859இல் புதன் கோளின் பாதையில் மற்றொரு சிறு பிறழ்வைச் சுட்டினார். புதன் சூரியனை மிக அணுகும் புள்ளி, கணக்குக்கு அடங்காத அளவில் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மிகை நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 43 வில்விநாடி எனப் பின்னர்ச் செம்மையாகக் கணிக்கப்பட்டது. ஒரு பாகையின் எண்பதில் ஒரு பங்கினும் அது குறைவு. புதனுக்கும் சூரியனுக்கும் இடையே காணப்படாத கோள் ஒன்றோ சிறுகோள்களின் கூட்டமோ உண்டு என்பது லெ வெரியேயின் முடிவு. அக்கோளுக்கு வல்கன் என்னும் பெயரும் வழங்கியது. சூரியனைக் கடந்து செல்லும் கரும்புள்ளியாக அதனைக் கண்டதாகப் பொழுதுபோக்கு வானியலாளர் ஒருவர் அறிவித்ததை லெ வெரியே ஏற்றார். 1878இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போதும் அதனைக் கண்டதாக இரு அமெரிக்க வானியலாளர்கள் கூறினர். எதுவும் உறுதிப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு புதிய கோள் எதுவுமின்றியே அந்த 43 வில்விநாடிக்கு விளக்கம் தந்தது. வல்கன் இல்பொருளாயிற்று.

ஒரே அறிஞர், ஒரே விதி, ஒரே வகை அனுமானம், ஒரே அளவு உறுதிப்பாடு. முதலாவது உள்பொருள்; இரண்டாவது இல்பொருள். 1846 செப்டம்பர் 22 அன்று நெப்டியூனும், 1860இல் வல்கனும் ‘காணப்படாமை’ என்னும் இயல்பில் வேறுபாடற்றவை. சபக்கமும் விபக்கமும் ஒரே மனிதரின் வாழ்நாளிலேயே அமைந்த அரிய சான்று இது.

காட்சியும் இங்குத் தனித்து நின்று உதவவில்லை. வல்கனைக் ‘கண்டவர்கள்’ இருந்தனர், அது இல்லை. நெப்டியூனை 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் கலிலியோ தம் தொலைநோக்கியில் கண்டு விண்மீனாகக் குறித்துவைத்தார். கோள் என உணரவில்லை. 27ஆம் காதையில் அளவைவாதி தொகுக்கும் எண்வகை அளவைப் போலிகளுள் கண்டுணராமை, ஐயம், திரியக்கோடல், தேராது தெளிதல், இல்வழக்கு என்பன இடம்பெறுகின்றன. கலிலியோவின் குறிப்பு கண்டுணராமை. வல்கனைக் கண்டதாகக் கூறியோர் நிலை திரியக்கோடல். அக்கூற்றை விரைந்து ஏற்றது தேராது தெளிதல். அறிவியலாளரும் இப்போலிகளுக்கு விலக்கானவரல்லர்.

எச்சமும் முதலும்

அவ்வாறாயின் நெப்டியூனை வல்கனிலிருந்து வேறுபடுத்தியது எது என்னும் வினா எழுகிறது. 27ஆம் காதை கருதலைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறது. ஆற்றில் வெள்ளம் கண்டு தலைநிலத்தில் மழை பெய்தது என அறிவது எச்சம். கருமுகில் கண்டு மழை பெய்யும் என அறிவது முதல். எச்சம் காரியத்திலிருந்து காரணத்திற்குச் செல்வது. முதல் காரணத்திலிருந்து காரியத்திற்குச் செல்வது.

யுரேனசின் பிறழ்வு வெள்ளம்; நெப்டியூன் தலைநிலத்து மழை. புதனின் பிறழ்வும் வெள்ளமே. வல்கன் அதற்குக் கருதப்பட்ட மழை. இதுவரை இரண்டும் எச்சமே. கருதிய காரணத்தைக் கொண்டு, அது மெய்யானால் இந்த நாளில் இந்தத் திசையில் இது காணப்பட வேண்டும் என மீண்டும் காரியத்திற்கு இறங்கி வந்தபோதுதான் இரண்டும் பிரிந்தன. எச்சத்தால் ஏறிய கருதல் முதலாக இறங்கி வந்து காட்சியில் கால் ஊன்ற வேண்டும். அவ்வாறு ஊன்றாதபோது கைவிடப்பட வேண்டும். அறிவியல் கண்டுபிடிப்பின் தனித்தன்மை இவ்வேற்ற இறக்கத்தில் உள்ளது. பொருள் புலப்படுவதிலோ புலப்படாமையிலோ இல்லை.

அறவண அடிகளின் ஒரு முடிவையும் இவ்விடத்தில் மறுஆய்வு செய்ய வேண்டியுள்ளது. காரணம், பொதுமை முதலியவற்றைக் கொண்டு கருதுவது பிழைபடுவதுண்டு என்றும், புகையால் நெருப்பை அறிவதுபோலக் காரியத்தால் காரணத்தை அறிவதே பிழைபடாதது என்றும் 29ஆம் காதை கொள்கிறது. வல்கன் வரலாறு இதற்கு ஒரு வரையறை கோருகிறது. புதனின் பிறழ்வாகிய காரியம் மெய். அதற்கு ஒரு காரணம் இருந்ததும் மெய். ஆயினும் கருதப்பட்ட காரணம் பொய்த்தது. புகைக்கு நெருப்பன்றி வேறு காரணம் இல்லை என்பது முன்பே உறுதிப்பட்டிருப்பதால் அங்குப் பிழை நேர்வதில்லை. கோளின் பிறழ்வுக்கோ காணாத கோளும் காரணமாகலாம், விதியின் குறையும் காரணமாகலாம். காரியம் காரணம் ஒன்று உண்டு என்பதை உறுதிப்படுத்தும். அக்காரணம் இன்னது என்பதைத் தனித்து உறுதிப்படுத்தாது.

இறங்கி வருவதற்கு நெடுங்காலம் ஆகலாம் என்பதும் கருதத்தக்கது. பீட்டா சிதைவில் ஆற்றல் கணக்கு நேர்படாததால் 1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பவுலி புலப்படாத ஒரு துகளைக் கருதினார். நியூட்ரினோ எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அதனை ரெய்ன்சும் கோவனும் 1956இல் அணு உலையொன்றின் அருகே கண்டறிந்தனர். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் அதனை ஏற்றிருந்தோர் நிலை ஒருவகை நம்பிக்கையே என்பதில் ஐயமில்லை. அறிவியலில் நம்பிக்கைக்கு இடமில்லை என்னும் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்நம்பிக்கை தன் தோல்வி எவ்வாறு தோன்றும் என்பதைத் தானே முன்னறிவித்திருந்தது என்பதே அதன் சிறப்பு.

சித்தாந்தம் கூறும் இறைவன்

இவ்வளவையில் சமய நம்பிக்கை எவ்விடத்தில் நிற்கிறது என்பது அடுத்து ஆராயத்தக்கது. சைவ சித்தாந்தம் கண்மூடி நம்புமாறு கூறும் நெறியன்று. சிவஞான போதத்தின் முதல் நூற்பாவே அனுமானமாக அமைந்தது. சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது. ஆதலின் அதற்கு ஒரு முதல் உண்டு என்பது அதன் போக்கு. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகள் பலவற்றைச் சுட்டி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறார். குடத்திற்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல உலகிற்கு முதல், துணை, நிமித்தம் என்னும் காரணங்கள் வேண்டும் என்பதும் அந்நூல் கொள்வதே.

இவ்வனுமானம் எச்ச வகையினது. உலகமாகிய வெள்ளம் கண்டு மழையைக் கருதுவது அது. நெப்டியூனைப் போல அது முதலாக இறங்கி வருவதில்லை. இறைவன் உளனாயின் இந்நாளில் இது காணப்படும், காணப்படாவிடின் இக்கருத்தை விடுக என்னும் நிபந்தனை அதில் இல்லை. இறக்கம் உண்டெனின் அது முத்தியில் உண்டு. அது பிறர் சென்று சரிபார்க்கும் இடத்தில் இல்லை. சித்தியார் காட்சியை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுப்பதும் இதனை உணர்த்தும். யோகக் காட்சி பெற்றோர்க்கு அது ஐயமற்றதாகலாம். பெறாதவர்க்கு அது உரையளவையாகவே வந்து சேரும்.

அறிவியலையும் பெரும்பாலோர் உரையளவையாகவே பெறுகின்றனர் என்னும் மறுப்பு இங்கு எழலாம். அது மெய்யே. நியூட்ரினோவைத் தாமே ஆய்ந்து அறிந்த வாசகர் மிகச் சிலர். தகுதி பெற்றோர் எவரும் அவ்வுரையின் வழியே திரும்பிச் சென்று மூலக் காட்சியை எட்டலாம் என்பது அறிவியலின் விடை. பக்குவம் பெற்றோர் எவரும் எட்டலாம் என்பதே சமயத்தின் விடையும். வேறுபாடு எட்டாதபோது தோன்றுகிறது. வல்கனைப் பலர் தேடிக் காணாதபோது குறை வல்கன் மீது சாற்றப்பட்டது. இறைவனை ஒருவர் காணாதபோது குறை அவருடைய பக்குவத்தின் மீது சாற்றப்படுகிறது. இது சமயத்திற்கு இழுக்கன்று. அதன் அறிவு வேறு வகையினது என்பதற்குச் சான்று. அதனை அறிவியல் கண்டுபிடிப்புக்கு நிகரெனக் கூறும்போதுதான் இழுக்கு நேர்கிறது.

சித்தாந்தமே இதனை முன்னுணர்ந்துள்ளது. அறிவால் சுட்டி அறியப்படுவது அசத்து, எவ்வகையாலும் அறியப்படாதது இல்பொருள், இறைவன் இவ்விரண்டும் அல்லன் என்பது சிவஞான போதத்தின் ஆறாம் நூற்பாவின் சாரம். இந்நூற்பாவைக் கொண்டு நோக்கின், காற்று, மின்சாரம், அணு, துகள் என்னும் வரிசையின் இறுதியில் கடவுளை வைக்கும் மேடை வாதம், கடவுளை அசத்தின் வரிசையில் வைப்பதாகிறது. நாளை ஒரு கருவியால் கண்டுபிடிக்கப்படக் கூடிய பொருள் சித்தாந்தம் கூறும் பதி ஆகாது. அறிவியலைத் துணைக்கழைத்து நம்பிக்கையைக் காக்க முனையும் வாதம், தான் காக்க விரும்பிய கோட்பாட்டையே இழக்கிறது.

திருவள்ளுவமாலையில் ஔவையார் பெயரிலுள்ள பாடலில் வரும் ‘அணு’ என்னும் சொல்லை இக்கால அணுப்பிளவோடு இணைப்பதும் இவ்வகையினதே. குறளின் சுருக்கத்தையும் ஆழத்தையும் வியக்கும் உருவகம் அது. அதே அமைப்பில் இடைக்காடர் பெயரிலுள்ள பாடல் கடுகைக் கூறுகிறது. உருவகத்தை முன்னறிவிப்பாகக் கொள்வதால் அறிவியலும் வளர்வதில்லை, இலக்கியமும் விளங்குவதில்லை.

முடிவுரை

காணப்படாமை என்பது உள்பொருளுக்கும் இல்பொருளுக்கும் பொதுவான இயல்பு. அதனை ஏதுவாகக் கொண்டு கடவுளை நிறுவுவதும் மறுப்பதும் மணிமேகலை வகுத்த சாதாரண அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியில் அடங்கும். அறிவியல் நம்பிக்கை எச்சத்தால் ஏறி முதலால் இறங்கிக் காட்சியில் தன்னைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. அதனாலேயே நெப்டியூனைப் பெறவும் வல்கனை விடவும் அதனால் இயன்றது. சமய நம்பிக்கை இச்சோதனையைத் தன் இயல்பாகக் கொள்ளவில்லை. சித்தாந்தம் தன் பொருளைக் கண்டுபிடிப்புக்குரிய பொருள்களின் வரிசையில் வைக்கவுமில்லை.

மணிமேகலை அளவையியலோடு முடிவடையவில்லை என்பதும் எண்ணத்தக்கது. 29ஆம் காதையில் தருக்கம் கேட்டவள் 30ஆம் காதையில் பவத்திறம் அறுக என நோற்கிறாள். நெப்டியூன் உண்டென அறிந்தவர் தம் வாழ்வை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நோன்பு பூண்டவள் மாற்றிக்கொண்டாள். இரண்டும் வேறு வேறு வினாக்களுக்கான விடைகள். ஆயினும் சாத்தனார் நோன்பின் முன் தருக்கத்தை வைத்தார்; போலிகளைப் பிரித்தறியக் கற்ற பின்னரே அவள் நோற்கிறாள். 27, 29ஆம் காதைகளைக் கதைக்குப் புறம்பான பகுதிகளாகக் கருதி விரைந்து கடக்கும் வகுப்பறை வழக்கம் மாறுமாயின், சமயமும் அறிவியலும் பற்றித் தமிழில் நிகழும் விவாதம் தன் மரபிலேயே உள்ள கருவியைக் கொண்டு தெளிவு பெறும்.